ஹான்ஸ் வெக்னரின் கதிரைகள்: மூட்டிலிருந்து தொடங்கிய வடிவம்

கொழும்பில் புதிதாகத் திறக்கிற கோப்பிக் கடைகளில் ஒரு மரக் கதிரையை அடிக்கடி காணலாம். முதுகின் நடுவே கவைக்கொம்பு போலப் பிரிந்த மெல்லிய பலகை, அரைவட்டமாக வளைந்த மேற்சட்டம், கயிற்றால் பின்னிய இருக்கை. பெரும்பாலும் பிரதிதான். அசலை 1949இல் வரைந்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர். கார்ல் ஹான்சன் அன்ட் சன் நிறுவனம் சிஎச்24 என்ற எண்ணோடு 1950 முதல் இடைவிடாமல் அதைச் செய்துவருகிறது. ஜப்பானில் அதற்கு ஒய் கதிரை என்று பெயர்.

பிரதிகள் பல, வாங்கி ஓரிரு வருடத்திலேயே ஆடத் தொடங்கிவிடுகின்றன. மரம் மட்டமானது என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நல்ல தேக்கில் செய்தவையும் ஆடுகின்றன. வடிவத்தைப் பார்த்துச் செய்தவர் மூட்டைப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மையான காரணம். வெக்னருடைய கதிரைகளில் மூட்டுத்தான் முதலில் வந்தது. வடிவம் அதைத் தொடர்ந்து வந்தது. அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இது எப்படி நேர்ந்தது என்று விளங்கும்.

அவர் பிறந்தது 1914 ஏப்ரல் 2ஆம் திகதி, தென் யூட்லாந்தின் டொன்டர் என்ற சிற்றூரில். அந்தப் பகுதி 1864இல் டென்மார்க்கின் கையைவிட்டுப் போனது; அவர் பிறந்தபோது ஜேர்மனியில் இருந்தது. 1920இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகுதான் டென்மார்க்கோடு மீண்டும் சேர்ந்தது. தந்தை செருப்புத் தைப்பவர். பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பையன் எச். எஃப். ஸ்டால்பேர்க் என்ற தச்சரின் பட்டறைக்கு வேலை பழகப் போய்விட்டான். பதினைந்து வயதில் முதல் கதிரை. பதினேழில் பயிற்சி முடிந்து முழுத் தச்சர். அதற்குப் பிறகும் அதே பட்டறையில் சில வருடங்கள் இருந்துவிட்டு, இராணுவ சேவைக்காகத்தான் கொப்பன்ஹேகன் போனார்.

1936இலிருந்து 1938 வரை அங்கே கலைத்தொழில் பாடசாலையில் படித்தார். ஆசிரியர் ஓர்லா மொல்கோர்-நீல்சன். அந்தப் பாடசாலையில் மாணவர்கள் பழைய கதிரைகளை அளந்து, முழு அளவில் வரைய வேண்டும். எந்த இடத்தில் சட்டம் எவ்வளவு தடிப்பு, நாக்கு (மற்றச் சட்டத்தின் துளைக்குள் இறங்கும் முனை) எவ்வளவு நீளம், ஏன் அங்கே மெலிகிறது என்றெல்லாம் பார்க்கப் பழக்குகிற படிப்பு. ஏற்கெனவே உளி பிடித்துப் பழகிய கைக்கு இது கிடைத்தது பெரிய விஷயம். வரையத் தெரிந்தவருக்குச் செய்யத் தெரியாது, செய்யத் தெரிந்தவருக்கு வரைய வராது என்ற பிரிவு அவரிடம் இல்லாமற்போனது இதனால்தான்.

படிப்பு முடிந்ததும் ஆர்னே யாக்கொப்சன், எரிக் மொல்லர் இருவரும் வடிவமைத்த ஓர்ஹூஸ் நகர மண்டபத்துக்குத் தளபாடம் வரையும் வேலை. அந்த அலுவலகத்தில் செயலாளராக இருந்த இங்காவை 1940இல் மணந்தார். அதே வருடம் தச்சு முதலாளி யொஹான்னஸ் ஹான்சனோடு தொடர்பு ஏற்பட்டது. கொப்பன்ஹேகன் தச்சர் சங்கத்தின் வருடாந்தக் கண்காட்சிக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு புதுக் கதிரை என்று பல ஆண்டுகள் நீடித்த உறவு அது. 1943இல் சொந்த அலுவலகம்.

அந்தக் காலத்துக் கதிரைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். 1944இல் வந்த சீனக் கதிரை, மிங் காலச் சீனக் கதிரைகளைப் பார்த்து வரைந்தது. முதுகும் கைப்பிடியும் ஒரே வளைவாக ஓடும். சிஎச்24இன் மூதாதை அதுதான். 1947இன் மயில் கதிரை, முதுகில் மெல்லிய கம்புகள் வரிசையாக நிற்கும் ஆங்கிலேயரின் வின்ட்சர் கதிரையிலிருந்து வந்தது. மயில் என்று பெயர் வைத்தவர் இன்னொரு டேனிஷ் வடிவமைப்பாளரான ஃபின் யூல். முதுகுக் கம்புகள் ஓரிடத்தில் தட்டையாக அகன்றிருக்கும். தோகைக் கண் போலத் தெரிவது அதுதான். அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. உட்காருபவரின் தோட்பட்டை எலும்பு படுகிற இடம் அது. உருண்டைக் கம்பு அங்கே உறுத்தும், தட்டை உறுத்தாது.

(கதிரை என்ற நம் சொல்லே போர்த்துக்கேயரின் கதெய்ராவிலிருந்து வந்தது. சொல்லும் பொருளும் கடல் கடந்து வந்து ஊர்த் தச்சர் கையில் வேறு உருவம் எடுப்பது நமக்குப் புதிதல்ல. புறக்கோட்டை டச்சுக் கால அருங்காட்சியகத்தில் இருக்கும் தளபாடங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.)

1949தான் அவர் வாழ்க்கையின் மையம். அந்த ஒரே வருடத்தில் சிஎச்24, வட்டக் கதிரை இரண்டும் வந்தன. வட்டக் கதிரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவருடைய சிந்தனை முழுவதும் அதில் இருக்கிறது.

அதன் மேற்சட்டம் ஒரு கைப்பிடியில் தொடங்கி முதுகைச் சுற்றி மறு கைப்பிடியில் முடிகிறது. இவ்வளவு வளைவை ஒரே பலகையிலிருந்து அறுத்தால், வளைவின் ஏதோ ஓரிடத்தில் நார் ஓட்டம் சட்டத்துக்குக் குறுக்கே வந்துவிடும். குறுக்கு நார் இருக்கும் இடத்தில் மரம் ரொட்டி போல முறியும். ஆகவே மூன்று துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் நார் நீளவாக்கில் ஓடும்படி வைத்துப் பொருத்தினார். முதல் வடிவத்தில் அந்தப் பொருத்து வெளியே தெரிவதை அவர் விரும்பவில்லை. முதுகின் மேல் பிரம்பு சுற்றி மறைத்தார். மறு வருடம் மனம் மாறியது. விரல்கள் கோர்த்தது போன்ற பல்மூட்டைப் போட்டு, பிரம்பைக் கழற்றி, மூட்டை அப்படியே காட்டினார். பல்மூட்டில் பசை பிடிக்கும் பரப்புப் பல மடங்கு கூடுகிறது. பசை நெடுக்கு நாரோடு நெடுக்கு நாரைச் சேர்க்கிறது. நாருக்குக் குறுக்கே வெட்டிய முனையில் பசை நிற்காது என்று எந்தத் தச்சரும் சொல்வார்; பல்மூட்டு அந்தப் பிரச்சினையைத் தாண்டுகிறது. என் கணிப்பில், பிரம்பைக் கழற்றிய அந்த முடிவுதான் வெக்னரை வெக்னராக்கியது.

1950இல் அமெரிக்காவின் இன்டீரியர்ஸ் சஞ்சிகை அந்தக் கதிரையை அட்டையில் போட்டது. 1960 செப்டெம்பரில் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது இருவரும் அமர்ந்தது அதில்தான். வீட்டுக்கு வீடு பேர் போனது அதன் பின்.

இனி சிஎச்24. இதைத் தச்சர் ஒருவரிடம் செய்யக் கொடுக்கவோ, பழையதைத் திருத்தவோ நினைப்பவர்களுக்கு உதவும்படி பகுதி பகுதியாகச் சொல்கிறேன்.

பின் கால்கள் ஆங்கில எஸ் போல இரண்டு பக்கம் வளைந்தவை. பார்த்தால் ஆவியில் வைத்து வளைத்தது போலத் தோன்றும். இல்லை. தட்டையான பலகையில் அச்சு வைத்து அறுத்து, பிறகு உருட்டிச் செதுக்கியவை. காலைச் சற்றுத் திருப்பிப் பொருத்துவதால் கண்ணுக்கு முப்பரிமாண வளைவாகத் தெரிகிறது. செலவைக் குறைத்த உபாயம் இது. ஆனால் பலகைத் தெரிவு முக்கியம். பலகையின் நார் கால் வளைவோடு ஓரளவு சேர்ந்து ஓட வேண்டும். மரம் மிச்சம் பிடிக்க அச்சுகளை நெருக்கிக் குறுக்கே போட்டு அறுத்த கால்கள், இருக்கைச் சட்டம் சேரும் இடத்துக்குச் சற்று மேலே பிளக்கும். பிரதிகளில் அதிகம் முறிகிற இடம் இதுதான். வாங்கும்போது காலின் பக்கவாட்டில் ரேகையைப் பாருங்கள். ரேகை ஒரு பக்கம் நுழைந்து அரை அடிக்குள் மறுபக்கம் வெளியேறினால் அந்தக் கதிரையை விட்டுவிடுங்கள்.

மேற்சட்டம்தான் உண்மையில் ஆவியில் வளைத்தது, ஒரே துண்டு. இங்கேதான் நம் பட்டறைகளுக்குச் சிக்கல். வளைக்கும் மரம் காற்றில் உலர்ந்ததாக, 15 முதல் 25 சதவீதம் ஈரத்தோடு இருக்க வேண்டும். சூளையில் வைத்து உலர்த்திய மரம் வளையாது, கீறும். ஆவிப்பெட்டியில் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. சூடான மரத்தின் நார் நன்றாக நசுங்கிக் கொடுக்கும். ஆனால் இழுபட்டு நீள்வது 1, 2 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆகவே வெளிவளைவில் இரும்புப் பட்டியை வைத்து, இரண்டு முனையிலும் தடுப்புப் போட்டு, வெளிப்புறம் நீளவிடாமல் உட்புறத்தை நசுக்கித்தான் வளைக்க வேண்டும். பட்டியில்லாமல் வளைத்தால் வெளிவளைவில் சிம்பு கிளம்பும். பெட்டியிலிருந்து எடுத்து ஒரு நிமிடத்துக்குள் அச்சில் ஏற்றிவிட வேண்டும். அச்சைத் தேவையான வளைவைவிடச் சற்றுக் கூடுதலாகச் செய்து வையுங்கள். கழற்றியதும் மரம் கொஞ்சம் திரும்பும்.

ஐரோப்பிய பீச், ஆஷ், ஓக் மூன்றும் இதற்கு நன்றாக வளையும். தேக்கு அவ்வளவு இணங்காது. தேக்கில்தான் வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்பில் கீற்றுகள் சீவி, பசை பூசி அச்சில் அழுத்தி எடுப்பது. மற்றது, வட்டக் கதிரை போல மூன்று துண்டு பல்மூட்டு. ஒரே பலகையிலிருந்து வளைவை அறுத்தெடுக்கலாம் என்று சொல்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

கவைப் பலகை அச்சில் அழுத்திய ஒட்டுப்பலகை. மேலே மேற்சட்டத்தின் துளையிலும் கீழே பின்சட்டத்தின் துளையிலும் இறங்குகிறது. இதை வெறும் அழகு என்று நினைத்து மெல்லிய ஒற்றைப் பலகையில் வெட்டிச் செருகுகிறார்கள். மேற்சட்டம் பின்னால் சாயாமல் தாங்குவது இதுதான். ஒற்றைப் பலகையில் கவையின் பிளவில் நார் பிரிந்து விரிசல் ஓடும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய ஒட்டுப்பலகையில் அது நடக்காது.

இருக்கை காகிதக் கயிறு. முறுக்கிய கிராஃப்ட் காகிதம் (உறுதியான பழுப்புக் காகிதம்), சுமார் 3 மில்லிமீற்றர் தடிப்பு, மூன்று புரி. போர்க்காலத்தில் கடற்புற் கயிறு கிடைக்காதபோது அதற்கு மாற்றாக வந்து, பிறகு நிலைத்துவிட்டது. ஒரு கதிரைக்கு ஏறக்குறைய 120 மீற்றர் போகும். கைப்பழக்கம் உள்ளவர் ஒரு மணி நேரத்தில் பின்னுவார். முதன்முறை செய்பவர் ஒரு முழுநாளை ஒதுக்குவது நல்லது.

பின்னல் கடித உறை போன்றது: நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வரும். கயிற்றை முன்சட்டத்தின் மேலாகப் போட்டு, கீழால் எடுத்து, இருக்கைக்குள் மேலே கொண்டுவந்து, பக்கச் சட்டத்தின் மேலாகப் போட்டு, கீழால் எடுத்து எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். அங்கே முதலில் பக்கச் சட்டம், பிறகு முன்சட்டம். அதன்பின் பின்மூலைகளுக்குப் போய் ஒரு சுற்றை முடிக்கலாம். ஆனால் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அகலம் என்பதால் நேராகச் சுற்றத் தொடங்கினால் பின்னல் கோணும். முதலில் முன்மூலைகளை மட்டும் நிரப்ப வேண்டும். உதாரணத்துக்கு, முன்சட்டத்தின் உள்ளளவு 46 சென்ரிமீற்றர், பின்சட்டம் 36 என்று வைப்போம். வித்தியாசம் 10, மூலைக்கு 5. கயிறு 3 மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொரு முன்மூலையிலும் 16 இழை அளவு போட்டபின்தான் முழுச்சுற்றுக்குப் போகலாம். இந்தத் துண்டுக் கயிறுகளின் முனைகளைச் சட்டத்தின் உட்பக்கம் சிறு ஆணியால் அடித்து நிறுத்துங்கள்.

ஒரே நேரத்தில் 10, 15 மீற்றருக்கு மேல் எடுத்தால் இழுக்க இழுக்கக் கயிறு முறுக்கு அவிழும். புதுக் கயிற்றை முடிச்சுப் போட்டுச் சேர்க்கும் இடம் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவில் ஒளிய வேண்டும். ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி இழைகளை நெருக்குங்கள். மூலையில் இரண்டு இழை சந்திக்கும் கோணம் செங்கோணமாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். கோணம் கோணிய பின்னலைப் பிறகு திருத்த முடியாது, அவிழ்க்கத்தான் வேண்டும். பக்கங்கள் முதலில் நிரம்பிவிடும். நடுவில் மிஞ்சும் இடைவெளியை முன்னும் பின்னுமாக எட்டு வடிவில் ஓட்டி மூடலாம்.

பிரதிகளில் நைலோன் அல்லது பருத்திக் கயிறு போடுவது உண்டு. நைலோன் வழுக்கும், மூலையில் நிற்காது. பருத்தி சில மாதங்களில் தொய்ந்து பள்ளமாகும். காகிதம் என்றதும் பயப்படுகிறார்கள். ஆனால் உராய்வும் விறைப்பும் அதில்தான் சரியாக இருக்கின்றன. அதற்கு எதிரி தண்ணீர். சிந்தினால் உடனே ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள், நனைந்திருக்கும்போது யாரும் உட்காரக் கூடாது. மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டி வைத்தால் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கொழும்பில் மரத்துக்கு வேறொரு சோதனை இருக்கிறது. சன்னல் திறந்த வீட்டில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டு நிற்கும். அங்கே மரத்தின் ஈரம் 15, 16 சதவீதத்தில் போய் நிற்கும். ஏசி அறையில் காற்று 50 சதவீதம் என்றால் மரம் 9 சதவீதத்துக்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் பீச் மரம், ஆண்டு வளையங்களின் போக்கில், ஏறத்தாழ இரண்டரை சதவீதம் வீங்கிச் சுருங்கும்: 25 மில்லிமீற்றர் நாக்கில் அரை மில்லிமீற்றருக்கும் மேல். தேக்கு அதே நிலையில் கால் மில்லிமீற்றர் அளவுதான் அசையும். நம் காலநிலைக்குத் தேக்கு ஏன் உகந்தது என்பதற்கு இந்தக் கணக்குப் போதும்.

நாக்கு வீங்கும்போது துளையின் சுவர் விட்டுக்கொடுக்காது. நாக்கின் நார் நசுங்கிவிடும். பிறகு உலரும்போது பழைய அளவுக்கு வராமல் அதைவிடச் சிறுத்துப்போகும். மூட்டு ஆடுவது இப்படித்தான் தொடங்குகிறது. பசை விட்டுப்போவது அதற்குப் பிறகு. பகலில் திறந்தும் இரவில் ஏசி போட்டும் இருக்கிற அடுக்குமாடி வீடுகளில் இது வேகமாக நடக்கும். ஏசி காற்று நேரே படும் இடத்தில் நல்ல கதிரையை வைக்காதீர்கள்.

செய்யக் கொடுக்கும்போது மொறட்டுவையிலோ வேறெங்கோ, தச்சரிடம் ஈரமானி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏசி வீட்டுக்கு என்றால் மரம் 9 முதல் 11 சதவீதம், திறந்த வீட்டுக்கு 13 முதல் 15. நாக்கு வெட்டும் மரம் துளை போடும் மரத்தைவிடச் சற்று உலர்ந்திருந்தால் மிக நல்லது. பொருத்திய பின் நாக்கு ஈரம் வாங்கித் துளையை இறுக்கும். பழந்தச்சர்களின் வழக்கம் இது.

ஆடுகிற மூட்டுக்குப் பசையை மேலால் ஊற்றுவதில் பயனில்லை. பழைய பசைப் படலத்தின் மேல் புதுப்பசை பிடிக்காது. மூட்டைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த துணியால் பசையை இளக்கிச் சுரண்டி, காயவிட்டு, நாக்கு தளர்ந்திருந்தால் மெல்லிய சீவலை ஒட்டித் தடிப்பேற்றி, புது வெள்ளைப் பசையோடு இறுக்குங்கள். வளைந்த சட்டங்களைப் பிடிக்கப் பட்டறைக் கிளாம்ப் வழுக்கும். பழைய சைக்கிள் ரியூபை அறுத்து இழுத்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். நம் ஈரக்காற்றில் பசை மெதுவாகவே இறுகும், ஒரு முழுநாள் விட்டுவிடுங்கள்.

பூச்சைப் பொறுத்தவரை, டென்மார்க்கில் ஓக், பீச் கதிரைகளுக்குச் சவர்க்காரப் பூச்சு வழக்கம்: வாசனையில்லாத சவர்க்காரச் சீவல் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு லீற்றர் வெந்நீரில் கரைத்து, ஆறியபின் துணியால் பூசித் துடைப்பது. இங்கே அது வியர்வைக் கறையைத் தாங்காது. எண்ணெய்ப் பூச்சுப் பொருந்தும். 320ஆம் இலக்கச் சாண்ட்பேப்பரால் நார் போக்கில் தேய்த்து, மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுதும் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் பிசுபிசுப்பு நிரந்தரமாகும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகத் தீப்பற்றும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

வெக்னருக்குத் திரும்புவோம். 1951இல், ஸ்கன்டினேவிய வடிவமைப்பாளர்களுக்கான லன்னிங் பரிசு. இத்தாலியின் வடிவமைப்புக் கண்காட்சியான மிலான் திரியெனாலேயிலும் அதே வருடம் பெரும் பரிசு. ஐந்து தொழிற்சாலைகள் சேர்ந்து அவருடைய தளபாடங்களை விற்க ஓர் அமைப்பை ஏற்படுத்தின. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் எது கைவந்ததோ அதை மட்டுமே அவர் வரைந்து கொடுத்தார். கதிரைக்காரருக்குக் கதிரை, மேசைக்காரருக்கு மேசை. 1950இல் கொடியேற்றும் கயிறு 240 மீற்றர் சுற்றிய இரும்புச் சாய்வுக் கதிரை. 1953இல் உடைதாங்கிக் கதிரை: மேற்சட்டம் கோட்டுத் தாங்கி, இருக்கையை நிமிர்த்தினால் காற்சட்டை தொங்கும், அடியில் சில்லறை போட ஒரு பெட்டி. 1963இன் மூன்றுகால் சிப்பிக் கதிரை வந்தபோது பெரிதாக விலைபோகவில்லை. 1998இல் மீண்டும் வந்த பின்தான் எடுபட்டது. 1986இல், எழுபது கடந்த வயதில், முழு வளையமாக வளைந்த மரச்சட்டத்தில் ஒரு கதிரை. அதைச் செய்தது பிபி மொப்லர் பட்டறை. யொஹான்னஸ் ஹான்சன் பட்டறை மூடியபின் வட்டக் கதிரையையும் அதுவே எடுத்துக்கொண்டது.

ஐந்நூறுக்கு மேல் கதிரைகளை வரைந்தார். மகள் மரியானா அவரோடு அலுவலகத்தில் நீண்டகாலம் வேலை செய்தார். 2007 ஜனவரி 26ஆம் திகதி, 92 வயதில் காலமானார். டொன்டரில் பழைய நீர்த்தாங்கிக் கோபுரம் ஒன்று அருங்காட்சியகமாக மாறியிருக்கிறது. அவர் ஊருக்குக் கொடுத்த 37 கதிரைகள் அங்கே தளம் தளமாக நிற்கின்றன. டென்மார்க் போகிற தச்சர் யாராவது இருந்தால், கதிரைகளை முன்னிருந்து பார்ப்பதோடு நிற்காமல், குனிந்து இருக்கையின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.